அறையைக் காலியாக விடவும்

— எடுத்துராதீக பாப்பா! அந்தக் கையைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க…

— என்னண்ணே இது… வெடிக் கம்பெனி போர்மேன் இப்படி மூச்சிரைக்க ஓடியாரலாமா? மொதல்ல உக்காருங்க.

— இருக்கட்டும், நிக்கிறேன். சரவணக்குமார் மேனேஜர் சொன்னாரு… கம்ப்யூட்டர்ல இருக்குற பழைய குறிப்பையெல்லாம் கீர்த்திகா பாப்பா இன்னைக்கு அழிக்குதுன்னு.

— ஆமா. அப்பா உத்தரவு. அதுக்கு ஏன் முனியராஜ் அண்ணனுக்கு இம்புட்டு வேர்க்குது?

— எல்லாத்தையும் அழிங்க. அந்த ஒத்த வரிய மட்டும் விட்ருங்க.

— எந்த வரி?

— தெரியாத மாதிரிக் கேக்கீகளே…

— நீங்க உக்காந்தாத்தான் பேசுவேன்.

— …சரி. உக்காந்துட்டேன்.

— தெனமும் நீங்க வெயில் அளவு போடுற எடத்துல "உச்ச வெப்பம்"னு ஒரு கட்டம் இருக்குல்ல… அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கே, அதுவா? "வெப்பம் நாற்பதைத் தாண்டினால் அறையைக் காலியாக விடவும்."

— அதேதான்! அதேதான் பாப்பா.

— அது பழசுண்ணே. புது ப்ரோகிராம்ல அதுக்கு வேலையே இல்ல.

— வேலை இல்லையா? நேத்து மதியம் ஏழாம் நம்பர் ரூம் என்னாச்சு? வெடிச்ச சத்தம் எம். புதுப்பட்டி வரைக்கும் கேட்டுச்சாமுல்ல! கூரைத் தகடு பக்கத்துக் காட்டுல கெடக்கு.

— உள்ள யாரும் இல்ல. அதை நெனச்சு நெனச்சுத்தான் மனசைத் தேத்திக்கிறோம்.

— ஏன் இல்ல? அந்த வரி! அதைச் சொல்லித்தான நாலு பேரையும் வேப்ப மரத்தடிக்கு அனுப்புனேன். எங்க வீட்டுக்காரி இருளம்மாளும் அந்த நாலுல ஒருத்தி. "இன்னுங் கொஞ்சந்தான், இந்தத் தட்டை முடிச்சுட்டு வாரேன்"னா. "கம்ப்யூட்டர்லயே போட்டிருக்கு, எந்திரிடீ"ன்னு சத்தம் போட்டுத்தான் கூட்டியாந்தேன்.

— அக்கா இப்ப எப்படி இருக்காக?

— ராவெல்லாம் என் கையை விடல. காலையில குழம்புக்கு உப்புப் போட மறந்துட்டு, அதுக்கும் என்னையத்தான் வையுறா.

— வையுறாகளா? அப்பச் சரியாயிட்டாக.

— ஆமா… அவ வையுறது அம்புட்டு இனிப்பா இருக்கு பாப்பா.

— அண்ணே… ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீகளே?

— சொல்லுங்க.

— அந்த வரிக்கு நீங்க நெனைக்கிற அர்த்தம் இல்ல. பழைய ப்ரோகிராம்ல அந்தக் கட்டத்துல நாப்பதுக்கு மேல நம்பர் போட்டா ஏத்துக்காது, அப்படியே நின்னுரும். அதான் நாப்பதைத் தாண்டுனா ஒண்ணும் போடாமச் சும்மா விடுங்கன்னு சொல்லியிருக்காக. எழுதுனது மெட்ராஸ்காரவுக. கட்டத்தைப் போயி "அறை"ன்னு எழுதி வச்சுட்டாக.

— அப்ப அறைன்னா…

— வெடிமருந்து ரூம் இல்ல. கம்ப்யூட்டர்ல இருக்குற கட்டம்.

— அடடே… அப்படியா சங்கதி!

— அப்படித்தான்.

— நான் என்னத்தக் கண்டேன்… வெடிக் கம்பெனியில அறைன்னா ரூமுதான ஞாபகத்துக்கு வரும்?

— ரெண்டு கோடையா நாப்பதைத் தாண்டுனா ஆளுகளை வெளிய உக்கார வச்சிருக்கீக. லோடு லேட்டாகுதுன்னு மேனேஜர் குதிச்சப்பல்லாம்…

— இந்த வரியத்தான் காட்டுவேன். நான் சொன்னா அவரு கேப்பாரா? கம்ப்யூட்டர் சொன்னாக் கம்முன்னு போயிருவாரு. தப்போ ரைட்டோ, அது அங்கனயே கெடக்கட்டும் பாப்பா. நாளைக்கும் வெயில் ஏறும். இருளம்மா எட்டாம் நம்பர் ரூமுல உக்காந்திருப்பா.

— அழிச்சாச்சுண்ணே.

— ஐயோ…!

— பதறாதீக. அந்த எடத்துல இப்ப என்ன இருக்குன்னு வாசிங்க.

— கண்ணாடி கொண்டாரல… நீங்களே வாசிங்க.

— "வெப்பம் நாற்பதைத் தொட்டதும் வேலையை நிறுத்திவிட்டு, மருந்து அறையில் உள்ள எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும்."

— …இன்னொரு தரம்.

— எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். எல்லாரும்!

— மொதலாளி அண்ணாச்சி ஒத்துக்கிட்டாகளா?

— அப்பா சொல்லச் சொல்லத்தான் நான் அடிச்சேன். நேத்து அந்த ரூமோட இடிஞ்ச செவுத்தைப் பாத்துட்டு வந்து சாப்பிடாமயே படுத்துட்டாக. காலையில வந்து, "தாண்டினால்னு போடாத, தொட்டதும்னு போடு"ன்னாக. மேனேஜர் பக்கத்துலதான் நின்னாரு. சரின்னு தலைய ஆட்டிட்டாரு.

— ஏ யப்பா… இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க.

— இந்தாங்க. மெதுவா…

— நல்லாருப்பீக பாப்பா. அப்ப நான் வாரேன்.

— இருங்க. ஒரே ஒரு சந்தேகம்.

— கேளுங்க.

— அறைன்னா ரூமுன்னுதான நெனச்சீக?

— அதான் சொன்னேனே.

— அப்ப ரூமை மட்டுந்தான காலியா விட்டிருக்கணும்? ஆளுகளை வெளிய அனுப்புன நாளெல்லாம், கம்ப்யூட்டர்ல கட்டமும் காலியாவுல்ல கெடக்கு! ஒத்த நம்பர் கூடப் போடல.

— …வெயில் கடுமையா இருக்குல்ல. இன்னொரு டம்ளர் தண்ணி…

— முனியராஜ் அண்ணே!

— ரெண்டையும் காலியா விட்டுட்டேன் பாப்பா. எவன் வந்து எப்படிக் கேட்டாலும், குறிப்புல உள்ளபடிதான் செஞ்சேன்னு சொல்லலாமுல்ல…

— அப்ப மொதல்லருந்தே தெரியும்!

— சொல்லிக் குடுக்க வந்த மெட்ராஸ் தம்பி மொத நாளே சொல்லிட்டுத்தான் போச்சு. …கட்டம் காலியா இருக்குறதை நீங்க எப்பப் பாத்தீக? நேத்தா?

— போன சித்திரையில.

— போன சித்திரையா! அப்பருந்தே அண்ணாச்சி பழைய குறிப்பை எடு, எடுன்னு ஒங்களை வஞ்சுக்கிட்டுத்தான இருந்தாக? பெறகு ஏன் எடுக்கல?

— எடுத்துட்டா, நீங்க எதைக் காட்டி இருளம்மா அக்காவை வெளிய கூப்பிடுவீக?