பதினொரு காரணம்

காரணம் என்ன, விளைவு என்ன எண்டு கேக்கினமாம் தம்பி! பதின்மூண்டு வயசுப் பிள்ளையிட்டை! பள்ளிக்கூடச் சோதினை எண்டால் கணக்கைக் கேளுங்கோ, இத்தாலியின்ரை ஆறுகளைக் கேளுங்கோ... இல்லை. "உன்ரை தாய் தேப்பன்ரை நாட்டில நடந்த சண்டைக்குக் காரணமும் விளைவும் சொல்லு" எண்டு ரீச்சர் தலைப்புக் குடுத்திருக்கிறா. மேல்வீட்டு மொனிகாவுக்கு எரிமலை. எவ்வளவு நிம்மதியான தலைப்பு! என்ரை மகள் ஜெனுஷாவுக்கு மட்டும் சண்டை.

தமிழ்நாடோ நீங்கள்? ஓ... ரெலிபோனில நீங்கள் கதைக்கேக்கையே விளங்கினது. ஆராய்ச்சியோ? நல்லது, நல்லது. என்ரை பேர் இராஜதுரை. ஸ்ஃபெர்ராகவால்லோவில ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில பன்னிரண்டு வருசமாக் கணவாய் மீன் துப்பரவாக்கிறன். வீடு பலேர்மோவின்ரை மற்றத் தொங்கலில, பிரான்காச்சோவில. ரெண்டு பஸ் மாறவேணும். நாங்கள் இருக்கிற இந்தப் பஸ்ஸையும் பாருங்கோவன், சன்னல் திறபடாது, திறந்தால் பூட்டுப்படாது... ஆ, என்ன சொன்னனான்? காரணம்.

பிள்ளை கொப்பியோட வந்து நிக்குது. தெரியாது எண்டு சொல்லேலுமே? தொடங்கினன். நாப்பத்தெட்டில நாடு பிறந்தது. எட்டு வயசில சிங்களம் மட்டும்தான் பாஷை எண்டு சட்டம் போட்டது. எட்டு வயசுப் பிள்ளை அடம்பிடிச்சால் அடக்கலாம், நாடு அடம்பிடிச்சால் என்ன செய்யிறது? என்ரை அப்பா தபால் கந்தோரில கிளாக்கர். சிங்களம் பாஸ் பண்ணு எண்டவை. மூண்டு தரம் எழுதினவர், மூண்டு தரமும் பெயில். சாகுமட்டும் முத்திரை குத்தினவர். பிறகு எங்கடை பிள்ளையள் யூனிவர்சிற்றிக்குப் போக மார்க்ஸ் கூட வேணும் எண்டவை. பிறகு எண்பத்திமூண்டில கொழும்பில சனத்தையும் கடையளையும் எரிச்சவை. எங்கடை பக்கமும் சும்மா இருக்கேல்லை. துவக்குத் தூக்கினவை, கடைசியில வீட்டுக்கு ஒரு ஆளைத் தா எண்டு வந்து நிண்டவை. அதையும் எழுது பிள்ளை எண்டனான். எல்லாமாப் பதினொரு காரணம்! எனக்கே பெருமையாக் கிடந்தது.

பிள்ளை என்ன கேட்டது தெரியுமோ? "விளைவு, அப்பா? எங்கடை வீட்டில?"

விளைவு நீ பலேர்மோவில பிறந்தது, போய்ப் படு எண்டிட்டன்.

அங்கைதான் தம்பி பிழைச்சது. அவள் தன்ரை பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, அதின்ரை கொப்பி தேடுறன் எண்டு மேசை லாச்சியைக் கிண்டியிருக்கிறாள். நான் வந்த புதிசில, தஞ்சம் கேட்டு வாற ஆக்களை விசாரிக்கிற கொமிசியோனேயில சொன்ன வாக்குமூலம் அதுக்குள்ளை கிடந்தது. எல்லாம் இத்தாலியன். எனக்கு வாசிக்க ஏலாது. அவள் தண்ணி மாதிரி வாசிப்பாள். "அப்பா, பெரியப்பா செத்துப்போனார் எண்டு போட்டிருக்கு" எண்டாள்.

என்ரை அண்ணர், விமலராஜ். வவுனியாவில ரயர்க் கடை வைச்சிருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில வந்து தேங்காய் விலை சொல்லுவார். அடுத்த ஞாயிறு இவள் அவரையே உத்துப் பாத்துக்கொண்டிருந்திட்டு, "பெரியப்பா, நீங்கள் உயிரோட இருக்கிறியளோ?" எண்டாள். "இந்த விலைவாசியில என்ன பிள்ளை உயிரோட" எண்டார் மனிசன். அவருக்குத் தான் செத்தது தெரியாது. அதோட, என்னையும் இத்தாலிக்கு ஒருக்காக் கூப்பிடன் எண்டு மூண்டு வருசமாக் கரைச்சல். செத்த ஆளுக்கு எப்பிடித் தம்பி விசா போடுறது?

சிரிக்கலாம், பரவாயில்லை.

ஏன் பொய் சொன்னனீங்கள் எண்டு கேட்டவள். அப்ப ஆர் செத்தது எண்டும் கேட்டவள். உன்ரை மாமி, பிரசாந்தினி, என்ரை தங்கச்சி எண்டனான். அவ்வளவும்தான் சொன்னனான். பேரைச் சோதினையில சொல்லட்டோ எண்டாள். வேண்டாம், பெர்மெஸ்ஸோவுக்குப் பிரச்சினை வரும் எண்டு வெருட்டிப்போட்டன். இண்டைக்குத்தான் வாய்ச் சோதினை. ஆரும் போய் இருந்து கேக்கலாம். வாங்கோ அப்பா எண்டவள். எனக்கு வேலை எண்டிட்டன். தாய் குகனேஸ்வரிதான் கூடப் போனவ.

ம்...? பேரைச் சொன்னால் பெர்மெஸ்ஸோ போயிடுமோ எண்டோ?

இல்லைத் தம்பி, பெர்மெஸ்ஸோ ஒரு சாட்டு. கொமிசியோனேயில ஆர் செத்தது எண்டு கேக்க, அண்ணற்றை பேர்தான் வாயில வந்தது. தங்கச்சியைச் சொன்னால் எங்கை செத்தவ எண்டு கேப்பினம். மாத்தளனில, கஞ்சி வரிசையில. நீ எங்கை நிண்டனி எண்டு கேப்பினம். சண்டையின்ரை கடைசி மாசங்களில எங்களுக்குக் கஞ்சிதான் சாப்பாடு. விடிய வரிசையில போய் நிக்கவேணும். ஒருநாள் நான், ஒருநாள் அவள். அண்டைக்கு என்ரை முறை. கால் நோகுது, நீ போட்டு வா எண்டனான். கால் நோகேல்லைத் தம்பி. நித்திரை வந்தது. அவ்வளவுதான். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போனவள். ஷெல் விழுந்த சத்தத்துக்குத்தான் நான் எழும்பினனான்.

பதினொரு காரணம் எழுதிக் குடுத்தன். இது அதுக்குள்ளை இல்லை.

மனிசிக்கும் தெரியாது இது. பஸ்ஸில பக்கத்தில இருந்த பாவத்துக்கு உங்களிட்டைச் சொல்லிப்போட்டன், பாருங்கோ...

பொறுங்கோ, ரெலிபோன். ஹலோ... ஓம் பிள்ளை, முடிஞ்சுதோ?... ம்... ம்... சொன்னனியோ?... பேரையுமோ?... போர்ட்டிலையோ?... இருவத்திரண்டு. ஓமம்மா, இருவத்திரண்டு... நீ வீட்டை போகாதை. அம்மாவோட அதிலையே நில், அப்பா வாறன். ஒண்டு சொல்லவேணும்... இல்லைப் பிள்ளை, ரெலிபோனில ஏலாது. நேர வாறன்.

...பேரைச் சொன்னவளாம் தம்பி. எப்பிடி எழுதுறது எண்டு ரீச்சர் கேட்டவவாம். எழும்பிப் போய்ப் போர்ட்டில தமிழில எழுதினவளாம். என்ன வயசு எண்டு கேக்க இவளுக்குத் தெரியேல்லையாம். எப்பிடித் தெரியும்? நான் சொன்னால்தானே.

காலை ஒருக்கா விலத்துங்கோ தம்பி, நான் இறங்கப்போறன். வேலையோ? இண்டைக்கு எனக்கு லீவு. போன மாசமே சோதினைக்கெண்டு கேட்டு எடுத்தனான். விடியத் தொடக்கம் பஸ்ஸில ஏறி இறங்கிக்கொண்டு நிக்கிறன்.

நீங்கள் எங்கை இறங்கிறது?... என்ன, நாலு ஸ்டொப்புக்கு முதலேயோ! ஐயோ தம்பி, சொல்லியிருக்கலாமே... சரி சரி, வாங்கோ. பஸ் எதிர்ப்பக்கம்தான் வரும். ரோட்டைப் பாத்துக் கடவுங்கோ.