நான்காம் படுக்கையின் எண்

உங்கள் ஸ்டேஷன் பிரிண்டர் காலையில் ஓடுகிறது, மத்தியானம் படுத்துக்கொள்கிறது என்று ரைட்டர் சொன்னார். பிரிண்டர் மேல் தப்பில்லை சார். ஒயரைப் பிடுங்கிச் செருக வேண்டாம். அதன் முகவரி மாறியிருக்கும், அவ்வளவுதான்.

நெட்வொர்க்கில் இருக்கும் மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். ஆன் செய்ததும் அது கேட்கும். அதற்கென்று இருக்கிற ஒரு பெட்டி, கைக்குக் கிடைத்த எண்ணைத் தானாகக் கொடுத்துவிடும். பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் சாவி கொடுப்பதுபோல. நேற்று மூன்றாம் ரூமில் இருந்தவர் இன்று ஒன்பதில் இருப்பார். மூன்றைத் தட்டினால் வேறு யாரோ லுங்கியோடு கதவைத் திறப்பார். இந்த மெஷினுக்கு என்றைக்கும் இந்த எண்தான் என்று பெட்டியில் ஒரு வரி எழுதிவைத்தால் தொல்லை தீர்ந்தது. அந்த வரியை வருஷக்கணக்காக எழுதாமல் இருந்ததுதான் என் பிழைப்பு.

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் தினமும் ஏதாவது ஒன்று எண் மாறி நிற்கும். "குருமூர்த்தி சாரைக் கூப்பிடு" என்பார்கள். போவேன். வேண்டுமென்றே நெற்றியைச் சுருக்குவேன். கீபோர்டில் தேவைக்கு மேல் நாலு தட்டுத் தட்டுவேன். டீ வரும். பெரிய டாக்டரே ஒருமுறை, "நீங்க இல்லேன்னா நாங்க என்னங்க பண்றது?" என்று கேட்டார். வீட்டில், நான் இருந்து என்ன பிரயோஜனம் என்று கேட்பார்கள்.

பிறகு ஆர்த்தி வந்தாள். வரதராஜன்பேட்டைப் பெண், கெட்டிக்காரி. என் கீழேதான் போட்டார்கள். வந்த சூட்டோடு எல்லா மெஷினுக்கும் அந்த ஒரு வரியை எழுதி முடித்துவிட்டாள்.

"இனிமே உங்களுக்கு அலைச்சலே இல்லைங்க சார்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் பாஸ்வேர்டையும் கொடுத்தாள்.

போன் அடிப்பது நின்றது. ரிப்பேரோ என்று சந்தேகப்பட்டு, ஆபீஸ் போனிலிருந்து என் செல்லுக்கு நானே அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எடுத்து ஹலோவும் சொன்னேன். சிரிக்கலாம் சார், நானே சிரித்தேன்.

எங்கள் ஐ.சி.யூ.வில் படுக்கைக்கு ஒரு கண்ணாடி அறை. தலைமாட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர். அதன் சத்தத்தை அடியோடு குறைத்துவைப்பது அங்கே பழக்கம். லேசாகக் கத்தினாலும் வராந்தாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் திரண்டு வந்து மாரடித்துக்கொள்வார்கள். அதனால் அலாரம் நர்ஸ் மேஜையில் இருக்கும் பெரிய திரையில் மட்டும் அடிக்கும். திரைக்கு ஆளைத் தெரியாது, எண்ணைத்தான் தெரியும். இந்த எண்ணிலிருந்து வந்தால் நாலாம் படுக்கை, அந்த எண் என்றால் ஏழாம் படுக்கை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மானிட்டர்களை அணைத்துத் துடைத்து மறுபடி போடுவார்கள். போட்டதும் அவை எண் கேட்கும். அதற்குச் சற்று முன்னால், நாலின் எண்ணை ஏழுக்கும் ஏழின் எண்ணை நாலுக்கும் மாற்றி எழுதினேன். யோசித்துத்தான் செய்தேன். இரண்டு பேருமே தேறிவிட்டவர்கள். மறுநாள் வார்டுக்கு மாற்றுவதாக இருந்தது. திரையில் ஏதோ குழம்பும், என்னைக் கூப்பிடுவார்கள், போய்ச் சரிசெய்வேன். யாருக்கும் நஷ்டமில்லை. ஆர்த்தியின் பாஸ்வேர்டைப் போட்டது, என்னுடையது அடிக்க நீளம் என்பதால்.

நாலில் இருந்தவர் பிச்சைமுத்து. கல்லங்குறிச்சியில் கடலை பயிரிடுகிறவர். "தம்பி, இந்தப் பொட்டி என் நெஞ்சைப் படம் புடிக்குதே, பாட்டு போடுமா?" என்று அதற்கு முந்தின நாள்தான் கேட்டார். "வூட்டுக்குப் போயிட்டு சம்சாரத்தைப் பாடச் சொல்லுங்க" என்றேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி சின்னம்மாளுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு இளகின மனசு சார், விசாரித்துப் பாருங்கள்.

என் அறை ஐ.சி.யூ.வுக்கு நேர் கீழே. அதே திரையை என் கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம். துடைத்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் ஏழாம் கட்டம் சிவப்பானது. அது பிச்சைமுத்துவின் இதயம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நர்ஸ் சிந்து ஏழாம் அறைக்கு ஓடியிருக்கிறாள். அங்கே அந்த மனுஷர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இப்படிப் பதறிக்கிட்டு வர்றே?"

"ஒண்ணுமில்லைங்கய்யா, மெஷினு தகராறு. நீங்க சாப்புடுங்க."

இதெல்லாம் பிறகு அவளே அழுதுகொண்டு சொன்னது. அலாரத்தை அமர்த்தினாள். மறுபடி அடித்தது, மறுபடி அமர்த்தினாள். திரையில் நாலாம் கட்டத்தில் பச்சைக் கோடு அழகாக ஓடிக்கொண்டிருந்ததால் நாலாம் அறைப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

நான் தலை சீவிக்கொண்டேன். செருப்பைக் கழற்றி ஷூ மாட்டிக்கொண்டேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிந்து ஆர்த்தியைக் கூப்பிட்டாள்.

ஆர்த்தி அன்றைக்கு எங்கள் அரியலூர் கிளையில் வேலை முடித்துப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவள் என்னைக் கூப்பிட்டாள். பின்னால் கண்டக்டர் விசில் கேட்டது.

"சார், ஏழுல அலாரம் அடிக்குதாம், ஆளு நல்லா இருக்காராம். நம்பரு ஏதும் மாறியிருக்குமோன்னு பயமா இருக்குங்க. மத்த ரூமெல்லாம் எட்டிப் பாக்கச் சொல்லட்டுங்களா?"

திரையில் கோடு தணிந்துகொண்டே வந்தது.

"மாறாதும்மா," என்றேன். "நீ எழுதினது தப்பாகுமா? ஒயரு லூசா இருக்கும். மாட்டிவிடச் சொல்லு."

"அப்பாடா. நீங்க சொன்னா சரிதாங்க சார்."

அவளைப் பாராட்டுகிறேன் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. போனை வைத்த பிறகும் கோடு ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மாடிதான், ஏறியிருக்கலாம். கூப்பிடாத இடத்துக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை.

கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போன சின்னம்மாள்தான் முதலில் பார்த்தார். அவர் போட்ட சத்தம் கீழேவரை வந்தது. அன்றைக்கும் நான்தான் அவருக்கு டீ வாங்கிப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. "நேத்து உங்க கூடச் சிரிச்சாரே தம்பி," என்று மட்டும் சொன்னார்.

எண்கள் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். மாற்றியது யார் என்ற இடத்தில் ஆர்த்தியின் பெயர் இருந்தது. பாவம், அவளே நம்பிவிட்டாள். "நான்தான் மாத்திப் போட்டுட்டேன் போலருக்கு சார், ஞாபகமே இல்லை" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். "எல்லாருக்கும் வர்ற தப்புதாம்மா" என்று தேற்றி அனுப்பினேன்.

அவளை விட்டுவிடுங்கள் சார். பிச்சைமுத்துவைக் கொன்றது நான். அந்தப் பெண்ணுக்காகத்தான் இங்கே நானாக வந்தேன், வேறு எதற்காகவும் இல்லை. நீங்கள் நர்ஸ்களைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள், வாட்ச்மேனை விசாரித்தீர்கள், தரை துடைக்கும் சாந்தா அக்காவைக்கூட இரண்டு தடவை கூப்பிட்டீர்கள். அந்தக் கட்டடத்தில் எண்களைப் பற்றித் தெரிந்த பழைய ஆள் நான் ஒருத்தன். குருமூர்த்தியை ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்போம் என்று உங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே சார்.