கீறல் விழாத வளையம்

பித்தளையைத் துலக்க ஆற்று மணலை மிஞ்சியது எதுவும் இல்லை, மச்சான். உன் தங்கை எயெங்கா தினமும் காலையில் காங்கோ ஆற்றில் கழுத்து முங்க நின்று தன் வளையத்தைத் தேய்ப்பாள். தண்ணீருக்குள் கனம் கொஞ்சம் குறைகிறது என்பாள்.

நம் கரையில் பித்தளைக் கம்பிதானே பணம். புதைத்து வைப்பவன் கஞ்சன்; உருக்கி மனைவி கழுத்தில் ஏற்றுபவன் பெரிய மனிதன். நானும் ஏற்றினேன். கொல்லன் அவள் கழுத்தில் வைத்தே வளையத்தின் வாயை ஒட்டினான். சந்தைப் பெண்கள் கேலி செய்தார்கள்.

"ஏன்டி, படகைக் கட்ட மரம் கெடைக்காம ஒன் கழுத்துல கட்டிட்டானா ஒம் புருஷன்?"

அன்று நீயும் பெருமைப்பட்டாய்.

மழைக்காலத்தில் வளையத்தின் அடியில் புண் வந்தது. இலை சுருட்டித் திணித்தேன், பனை எண்ணெய் தடவினேன். சீழ் நிற்கவில்லை.

"அறுத்துடலாம்ணே. அரை நாள் வேலை. வளையம் ரெண்டாப் போயிடும், அவ்வளவுதான்," என்றான் கொல்லன்.

"மேலாத்துலேருந்து தந்தம் வருது. வளையத்தைப் பாத்தாத்தான் என்னை நம்பி இறக்குவாங்க. வந்துட்டுப் போகட்டும்."

அவள் வெறும் கழுத்தோடு நின்றால் நான் நொடித்துப்போனேன் என்ற பேச்சு ஆறு முழுக்கப் பரவிவிடும். நான் என்ன செய்ய?

படகுகள் தாமதமாயின. அவள் படுத்துவிட்டாள்.

"ஏங்க, இதை மட்டும் எடுத்துடுங்க. யார் கண்ணுலயும் படாம உள்ளயே கெடக்குறேன்."

எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லவில்லை, அழுதேன்.

உயிரோடு இருந்தால் வளையத்தை அறுக்க வேண்டும், செத்தால் கழுத்தை. அது நம் வழக்கம், உனக்கும் தெரியும். மனைவியை இழந்தவன் முழு வளையத்தை வாசலில் தொங்கவிட்டால் யாரும் அவனை ஏழை என்று சொல்வதில்லை.

படகுகள் ஆற்று வளைவில் தெரிந்த அன்று, என்னைக் கேட்காமலே அவள் கொல்லனுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். அவன் அரத்தோடு வந்தபோது, விடியும் முன்பே போய்விட்டாள் என்றேன். உனக்கும் அப்படியே சொல்லி அனுப்பினேன்.

அவள் போயிருக்கவில்லை. தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை கத்தியை எடுக்கவில்லை.

வளையம் வாசலில்தான் தொங்குகிறது, போய்ப் பார். ஒரு கீறல்கூட இல்லை. பாசம் இல்லாதவனாக இருந்தால் கை அவ்வளவு நிதானமாக இருந்திருக்குமா, மச்சான்?