உதவியாளர் இணைப்பில் இருக்கிறார்

மலிவாக வேலை செய்பவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, மேடம். கேட்காததையும் சேர்த்துச் செய்து கொடுத்துவிடுவான். வாங்கும் கூலி குறைவு என்பதால் வருகிற கூச்சம் அது. இணையதளம் செய்துதரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் எல்லோருமே வேறு இரண்டு இடத்தில் விலை கேட்டு, முகம் வெளிறி, அதற்குப் பிறகு என் மாடிப்படி ஏறுகிறவர்கள். பல் மருத்துவர், கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர், நாய்க்குட்டி விற்கிறவர். எல்லோருக்கும் ஒரே சட்டையைத்தான் தைப்பேன். பொத்தானின் நிறம் மட்டும் மாறும்.

நிதி நிறுவனத்து முதலாளியும் அப்படித்தான் வந்தார். டயர்க்கடைக்கு மேலே இரண்டு அறைகள், கண்ணாடிக் கதவு, பெயிண்ட் வாசம் போகாத சுவர். மக்களிடம் சேமிப்பு வாங்கி வட்டி தருவதாகச் சொன்னார்.

"தம்பி, பார்வைக்குப் பெரிய பேங்க் மாதிரி இருக்கணும். செலவு மட்டும் பெட்டிக்கடை மாதிரி இருக்கணும்."

அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. நானும் அதே கொள்கையில் உடுத்துகிறவன்தான்.

முகப்பில் கைகுலுக்கும் இரண்டு கைகளைப் போட்டேன். முகத்தோடு படம் வாங்கினால் விலை கூடுதல். 'தலைமுறைகளின் நம்பிக்கை' என்று கீழே எழுதினேன். நிறுவனம் அப்போது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. வாடிக்கையாளர் உள்ளே நுழைந்தால் தன் பணம் வளர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. அதற்கு நிறுவனத்தின் உண்மையான கணக்கோடு இணைக்க வேண்டும், செலவு ஆகும் என்றேன்.

"எதுக்குத் தம்பி இணைக்கணும்? போட்ட பணம் தெரியும், வட்டி தெரியும், தேதி தெரியும். பெருக்கிக் காட்டிட்டாப் போச்சு."

பெருக்கிக் காட்டினேன். பெட்டகத்தில் பணம் இருக்கிறதா, பல்லி இருக்கிறதா என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அதற்கு வாய்ப்பாடு மட்டும்தான் தெரியும். எனக்கு முதல் வெட்கம் அங்கேயே வந்திருக்க வேண்டும். வரவில்லை. எண்கள் பச்சை நிறத்தில் ஏறுவது பார்க்க லட்சணமாக இருந்தது.

அடுத்தது, பக்கத்தின் மூலையில் வரும் உரையாடல் பெட்டி. சிரித்த முகத்தோடு ஒரு பெண், கீழே 'உதவியாளர் இணைப்பில் இருக்கிறார்' என்று ஒரு வரி. அதற்கு ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். "நீங்களே பார்த்துக்கங்களேன், மாசம் ஏதோ போட்டுத் தர்றேன்" என்றார் முதலாளி. இப்படித்தான் நான் பெண்ணானேன். நல்ல பெண்ணாகவே இருந்தேன். அத்தனை பொறுமையான ஒருத்தி எனக்குக் கிடைத்திருந்தால் நானே கட்டிக்கொண்டிருப்பேன். வயதானவர்களை அப்பா, அம்மா என்பேன். மற்றவர்களை அண்ணா, அக்கா என்பேன். சந்தேகம் கேட்க வந்தவர்கள் சம்பந்தமில்லாமல் மூட்டுவலியையும் மருமகளையும் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். நான் கேட்டுக்கொள்வேன். காது கொடுக்கக் காசு செலவில்லை.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை நாளைக்கு நீங்கள் விசாரிக்கப்போவதாகச் சொன்னீர்கள்.

அவள் துணி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவள். ஆலையை மூடியபோது மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள். அவள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், லேத் பட்டறையில் வேலை செய்தார். அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. அறுவை சிகிச்சை வேண்டும், ஆனால் அவசரமில்லை, கொஞ்ச காலம் மருந்தில் ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதுவரை பணம் சும்மா தூங்குவானேன் என்று அக்கா நினைத்தாள்.

"ஏன்டா, அது நீ செஞ்ச கம்பெனிதானே? போட்டா பத்திரமா இருக்குமா?"

"கம்பெனியை நான் செய்யலக்கா. சைட்தான் செஞ்சேன்."

"அதைத்தான்டா கேக்கறேன். சைட் ஒழுங்காத்தானே செஞ்சே?"

"அதுல ஒரு குறை சொல்ல முடியாதுக்கா."

பெயிண்ட் அடித்தவனிடம் அஸ்திவாரத்தை விசாரிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் மாமா பக்கத்தில் உட்கார்ந்து தன் போனில் அந்தப் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் மச்சான் பெரிய ஆளுடி. பேங்கையே தூக்கிச் சட்டைப்பையில போட்டுட்டான் பாரு" என்றார். நான் செய்த ஒன்றை எங்கள் குடும்பத்தில் ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டேன். பணம் போட்டார்கள்.

பிறகு முதலாளி ஒரு நாள் கூப்பிட்டார். "பணத்தைத் திரும்ப எடுக்கிற பட்டன் இருக்கே, அதைக் கொஞ்சம் உள்ள தள்ளுங்க தம்பி. வாசல்லயே குப்பைத்தொட்டி வச்ச மாதிரி இருக்கு." உள்ளே தள்ளினேன். அப்புறம் அதை அமுக்கினால் 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் வரும்படி செய்யச் சொன்னார். செய்தேன். எப்போது தெரியும் என்று கேட்டீர்களே, மேடம், அப்போதே தெரியும். தெரியாதவன் போல இருந்தேன். பழகிவிட்டால் அது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை.

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. ஒரு முற்பகலில் நேரில் போனேன். கண்ணாடிக் கதவில் பூட்டு. உள்ளே மின்விசிறியைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"அவங்க காலி பண்ணிட்டாங்களே" என்றார் டயர்க்கடைக்காரர். "என்னங்க, உங்களுக்கே தெரியாதா? அவங்க கம்ப்யூட்டர்காரர் நீங்கதானே?"

உங்கள் காவல் நிலையம் அதே தெருவில்தான். அதைத் தாண்டித்தான் நடந்தேன். முதலில் அக்காவிடம் சொல்லிவிட்டு இங்கே வரலாம் என்று நினைத்தேன். வழியில் போன் அதிர்ந்தது. உதவியாளருக்கு ஒரு செய்தி. அனுப்பியவள் அக்கா.

'வணக்கம்மா. என் வீட்டுக்காரருக்கு இனிமே ஆபரேஷனைத் தள்ள முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பணத்தை எடுக்கணும். இந்த சைட்டைச் செஞ்சது என் தம்பிதான். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் நம்பிக்கை இல்லாம எடுக்கறேன்னு நினைச்சு வருத்தப்படுவான்.'

ஒரு செருப்புக்கடை வாசலில் நின்று படித்தேன். 'கவலைப்படாதீங்க அக்கா, பதிவு பண்ணிட்டேன்' என்று அனுப்பினேன். எங்கே பதிந்தேன், எதில் பதிந்தேன் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்துக்கு அவள் மனம் ஆறட்டும் என்றுதான். பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். மாமா தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். "வாப்பா பேங்க் மேனேஜர்" என்றார். அக்கா டீ கொடுத்தாள். அவள் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டோம்.

இணையதளத்துக்கான வாடகையை அதற்குப் பிறகு என் கையிலிருந்து கட்டினேன். அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். எண்கள் பச்சையாக ஏறிக்கொண்டே இருந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னேன்: தணிக்கை நடக்கிறது, சர்வர் மாற்றுகிறோம், அடுத்த வாரம். நான் இப்படிச் சமாளித்ததால்தான் யாருமே புகார் கொடுக்கவில்லை, அதற்குள் முதலாளி நாட்டைவிட்டே போய்விட்டார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சரிதான். அவருக்கு உதவ நினைக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். தனி ஒரு ஆளைப் பார்த்து, 'உன் பணம் போயிற்று' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு இளகிய மனம், சிறுவயதிலிருந்தே.

அக்கா மறுபடி எழுதினாள்.

'தாமதமாகும்னா ஒரு வார்த்தை சொல்லிடும்மா. வீட்டுப் பத்திரத்தை வச்சுப் பணம் புரட்டிடறேன். ஆஸ்பத்திரியில தேதி குடுத்துட்டாங்க.'

இந்த இடத்தை நிறுத்தி நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்தில் செய்யவில்லை நான். அந்த வீடு அவள் ஆலைச் சம்பளத்தில் கட்டியது. அதையும் கடனில் விட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என் முகத்தில் எப்படி விழிப்பாள் என்றும் யோசித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். எது முதலில் தோன்றியது என்று இப்போது நினைவில்லை. இப்படி எழுதினேன்:

'வீட்டையெல்லாம் வைக்காதீங்க அக்கா. அந்தத் தேதிக்கு முன்னாடியே பணம் வந்துடும். நான் சொல்றேன்ல.'

'உன்னை நம்பறேம்மா' என்று பதில் வந்தது.

அந்தத் தேதி போயிற்று. மருத்துவமனை இன்னொரு தேதி கொடுத்தது. அதற்கு முன்னால், ஒரு காலையில், முகம் மழித்துக்கொண்டிருந்தபோது மாமா நாற்காலியிலிருந்து சரிந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு கன்னம் வழவழப்பாக இருந்தது, மறு கன்னத்தில் நுரை காய்ந்திருந்தது. நான்தான் துடைத்தேன். மிச்சத்தை மழித்தும் விட்டேன். வந்திருந்த உறவுக்காரர்கள், "கூடப்பிறந்தவன்னா இவனை மாதிரி இருக்கணும்" என்று சொன்னார்கள். எனக்கு அப்போது வந்த வெட்கம் இன்றுவரை இறங்கவில்லை, மேடம். ஊரில் யாராவது என்னை ஓங்கி ஒரு அறை அறைந்திருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். எல்லோரும் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

வீடு தப்பித்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பணத்தைக் கொண்டுபோனது முதலாளி. மாமா பிழைக்க வழி இருந்த நாட்களை, இனிமையாகப் பேசிப் பேசி, ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது நான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. மேசையில் நீங்கள் வாங்கிவைத்திருக்கும் என் போன் இப்போது ஒளிர்ந்ததே, அது அக்காதான். அவள் பணத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். இப்போதெல்லாம் சும்மா பேசத்தான் வருகிறாள். சமைத்தேன் சாப்பிடவில்லை, மாமாவின் சட்டைகளை என்ன செய்வது, தம்பி ரொம்ப உடைந்துபோயிருக்கிறான், அவன் முன்னால் அழ முடியவில்லை, நீதான்மா எனக்கு இருக்கே. இப்படித்தான்.

தளத்தை மூடப்போவதாகச் சொன்னீர்கள். மூடுங்கள், சட்டம் அதுதான். அதற்கு முன் அவளுக்கு ஒரு வரி போட அனுமதி கொடுங்கள். என்னை நம்பவில்லையென்றால் நீங்களே தட்டுங்கள். 'அக்கா' என்று ஆரம்பித்தால் போதும். பதில் வராவிட்டால் பயந்துவிடுவாள், மேடம். இந்த உலகத்தில் அவளை ஏமாற்றாதவள் அந்தப் பெண் ஒருத்திதான்.