முகமிலியின் முகம்

கயிறு வாங்க வருகிறவர்கள் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், சார். கிணற்றுக்கு, மாட்டுக்கு, பந்தலுக்கு என்பார்கள். அடுத்த வார்த்தை, நீலம் இருக்கா, பச்சை இருக்கா என்பதுதான். முறுக்கைப் பிரித்துப் பார்க்கிறவர் அபூர்வம். செஞ்சி பஜாரில் நைனா காலத்திலிருந்து கயிற்றுக்கடை நடத்துகிறோம், அதனால் சொல்கிறேன். டீ ஆறட்டும், நீங்கள் கேட்டதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

முகமிலி என்பது பழைய காமிக்ஸ். நம் ராஜகிரிக் கோட்டையில் ஒளிந்து வாழும் வீரன்; வந்த அத்தனை புத்தகத்திலும் ஒருமுறைகூட முகமூடியைக் கழற்றியதில்லை. எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மாடியில் ரசிகர்கள் கூடுவோம். முகமிலியைப் படமாக எடுக்கச் சென்னையிலிருந்து அனு என்ற டைரக்டர் வந்தபோது முதலில் தேடிவந்தது என்னைத்தான். சின்னப் பெண், மரியாதை தெரிந்தவள். "விக்ரமன் அண்ணா, புத்தகத்துல இருக்கிற மாதிரியே எடுக்கணும். தப்புப் பண்ணா நீங்கதான் சொல்லணும்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அப்படியே எடுத்துவிடுவார்களா என்ன? முகமிலியின் குதிரையை பைக் ஆக்கினார்கள். சரி என்றேன். வில்லனான திவானைக் கல்குவாரி முதலாளி ஆக்கினார்கள். அதற்கும் சரி என்றேன். புத்தகத்தில் இல்லாத காதலி ஒருத்தியைக் கொண்டுவந்து பனமலை ஏரிக்கரையில் பாட்டு எடுத்தார்கள். எங்கள் பையன்கள் குதித்தார்கள். "சினிமான்னா அப்டித்தான்டா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று அவர்களை அடக்கியதே நான்தான். நான் வெறிபிடித்தவன் இல்லை, சார்.

முகமிலியாக நடிக்க சிங்கவரம் பீமாராவை எடுத்தார்கள். அவலூர்பேட்டையில் பி.டி. வாத்தியாராக இருந்தான், பாறை ஏறுவதில் கெட்டிக்காரன். முகமூடிக்குள்தானே இருக்கப்போகிறான் என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே அவனைத் தெரியும். அவன் அம்மா மாரியம்மாள் எங்கள் நிலத்துக்கு மல்லாட்டைக்கடலை பிடுங்க வரும். இவன் கடை வாசலில் நின்றே காமிக்ஸ் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். நைனா திட்டியும் கொடுத்தவன் நான். அவன் படித்த புத்தகங்களைத் தனிப் பெட்டியில் வைத்தேன், அவ்வளவுதான். சேகரிக்கிறவர்கள் அப்படிப் பிரித்து வைப்பார்கள். நான் வித்தியாசம் பார்க்கிறவன் இல்லை.

கடைசிக் காட்சியில்தான் சிக்கல் வந்தது. ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும், பார்த்திருப்பீர்கள். முகமிலி அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். புத்தகத்தில் அத்துடன் முடியும். அனுவோ, அந்தப் பக்கம் குதித்ததும் அவன் முகமூடியைக் கழற்றி, படம் பார்ப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைக் கேட்டால் பையன்கள் கிழித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவள் லேப்டாப்பில் ஒத்திகை எடுத்ததைப் போட்டுக் காட்டினாள். முகமூடி விலகி பீமாராவ் சிரித்தான். மாடியே விசில் அடித்தது. எங்கள் சங்கத்தின் செயலாளர் ரஞ்சித் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ரசிகருங்க எதிர்பார்க்கிறது இதான் அண்ணா. உள்ள யாரோ ராஜா இல்ல, நம்மள மாதிரி ஒருத்தர்" என்றாள் அனு. நம்மள என்றாள். கைதட்டாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

பீமாராவிடம் தனியாகப் பேசினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கழற்ற மாட்டேன் என்று நீயே சொல்லிவிடு என்றேன். அவன் சிரித்தான்.

"இன்னாண்ணா நீ. மாஸ்க்கோட பார்த்தா எங்கம்மா நம்பாது. அது ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுது, எம் மவன் மொகம் தியேட்டர்ல வருதுன்னு."

அப்புறம் நான் வற்புறுத்தவில்லை.

சண்டைப் பயிற்சியாளர் தங்கராஜ், குதிக்கும்போது இடுப்பில் கட்டப் பாதுகாப்புக் கம்பி கொண்டுவந்திருந்தார். வெயிலில் அது மின்னியது. படத்திலிருந்து அழிக்க வசதி இல்லை என்று என்னிடம் கயிறு கேட்டார்கள். நல்ல புது நைலான் கயிறு எடுத்துக்கொடுத்தேன். தங்கராஜ் தானே அதில் தொங்கிப் பார்த்துத் திருப்தியானார். வெள்ளையாகத் தெரிகிறதே என்றாள் அனு. பாறை நிறத்தில் சாயம் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போனேன்.

எங்கள் மொட்டைமாடித் தகரத்தின் மேல் ஒரு பழைய கயிறு சில கோடைகளாகக் கிடந்தது. வெயிலில் கிடக்கிற பிளாஸ்டிக் கயிறு உள்ளுக்குள் மக்கிப்போகும். மேலே வெளுத்துப் பொடி பொடியாக உதிரும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம். சாயத்தில் முக்கினால் அதுவும் தெரியாது. புதுக் கயிறு கடையிலேயே இருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அறுக்கவில்லை, தேய்க்கவில்லை. கயிறு மாற்றினேன்.

மறுநாள் காலையில் தங்கராஜ் இழுத்துப் பார்க்கக் கை நீட்டினார். நேற்றுத்தானே பார்த்தோம் என்று அவரே கையை எடுத்துக்கொண்டார். பீமாராவ், "அண்ணன் கடைக் கயிறு மாஸ்டர், யானையையே கட்டலாம்" என்று கிண்டலடித்தான். முகமூடியின் நாடாவை நான்தான் கட்டினேன். "இறுக்கமா இருக்குதுண்ணா, கழட்டறப்போ மக்கர் பண்ணப்போவுது" என்றான். பண்ணாது என்றேன்.

அவன் ஓடிவந்த அழகு முகமிலியேதான். அதில் குறை சொல்ல மாட்டேன். பாதிப் பிளவில் கயிறு விறைத்தது, சத்தமில்லாமல் விட்டுப்போனது. அனு அலறிக்கொண்டே இருந்தாள். கீழே போய்ப் பார்த்தோம். முகமூடி அசையவில்லை. மாரியம்மாள் வந்ததும் அந்த நாடாவோடுதான் மல்லுக்கட்டியது. முடிச்சு அவிழவில்லை. "யாராச்சும் கழட்டுங்களேன், எம்புள்ள மொகத்தக் காட்டுங்களேன்" என்று ஒவ்வொருவர் காலையும் பிடித்தது. என் காலையும் பிடித்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெயில் அதிகமாக இருந்தது, நிழலுக்கு நகர்ந்துகொண்டேன்.

ஆமாம் சார், விழட்டும் என்றுதான் மாற்றினேன். சாவான் என்று தெரியும். கழற்றுவதற்கு முன்னால் விழ வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. புத்தகத்துக்கு உண்மையாக இருக்க ஒருவனாவது வேண்டாமா?

நீங்கள் கேட்பது புரிகிறது. குதிரை போனபோது சும்மா இருந்தாய், திவான் போனபோது சும்மா இருந்தாய், இதற்கு மட்டும் ஏன் என்கிறீர்கள். முகமிலியின் முகம் புத்தகத்தில் எப்படி இருக்கும் என்கிறீர்கள். வரையவே இல்லை, சார். ஒரு மூக்கு நுனிகூட வரையவில்லை. பிறகு பீமாராவின் முகம் தப்பு என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்கள்.

அதற்குப் புத்தகம் எதற்கு, சார்? எங்களுக்குப் பார்த்தாலே தெரியும்.