தடை போட்ட மத்தியானம்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகல். எண்பத்தாறாம் வருடம், சீனப் புத்தாண்டு முதல் நாள், பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஜாலான் புசாரில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. இரும்புச் சாமான் கடை, சாப்பாட்டுக் கடை... எல்லாம் அடைப்பு. நடுரோட்டில் ஒரு பூனை காலை நீட்டிப் படுத்திருந்தது.

அந்த ரோட்டில் என் நண்பன் ஆம்ப்ரோஸின் சித்தப்பா சூசைநாதன் தனியாக நடந்து போனார். ஒரு சரக்குக் கம்பெனியின் மாடியில் அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரே பெரிய மெஷின். ஹாலில் வரிசையாகத் திரைகள். ஊழியர்கள் அவரவர் பெயரைத் தட்டித்தான் மெஷினுக்குள் நுழைய வேண்டும். லீவு நாளில் அதைச் சோதிக்க வந்திருந்தார். சோதிக்கும்போது வேறு யாரும் நுழையக் கூடாது என்பதற்காக ஒரு தடை உண்டு. அதைப் போட்டுவிட்டால் அவர் ஒருவரைத் தவிர யார் வந்தாலும் மெஷின் விரட்டிவிடும்.

அந்தத் தடையாலேயே ஒருவர் பிழைப்பைக் கெடுத்தவர் அவர். அஹமது கபீர் என்ற கிளார்க்கைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை கபீர் ஜும்மாவுக்குப் போய் வருவதற்குள் தடையைப் போட்டுவிடுவார். மற்றவர்கள் முன்பே உள்ளே இருப்பார்கள்; திரும்பி வந்த கபீர் மட்டும் நுழைய முடியாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். வேலை தேங்கியது. சீட்டைக் கிழித்தார்கள். கொஞ்ச நாளில் பாசிர் ரிஸ் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபடியே கபீர் உயிர் போய்விட்டது.

அன்றும் சூசைநாதன் தடையைப் போட்டார். சற்று நேரத்தில்... டக். டக். டக்.

ஹாலிலிருந்து. யாரோ ஒற்றை விரலில் தட்டுகிற சத்தம். கபீர் அப்படித்தான் தட்டுவார். கூடவே ஒரு வாடை... கற்பூரமும் ஈர மண்ணும்.

எட்டிப் பார்த்தார். ஆளில்லை. கடைசி மேசையில் ஒரு திரை மட்டும் பச்சையாக எரிந்தது. உள்ளே யார் இருப்பது என்று மெஷினைக் கேட்டார். இரண்டு பெயர் காட்டியது. ஒன்று அவருடையது. இன்னொன்று கபீர். அந்தப் பெயரை மெஷினிலிருந்து அழித்ததே அவர்தான்.

கபீரை வெளியே தள்ளும் கட்டளையைத் தட்டினார். மெஷின் வெளியே தள்ளியது அவரை. மறுபடி தன் பெயரைத் தட்டினார். மற்றவர்களுக்காக அவர் எழுதிவைத்த வரியே வந்தது: உங்களுக்கு அனுமதி இல்லை.

விழுந்தடித்து ஓடினார். டாக்சியில் நேரே புக்கிட் பாத்தோக் வீடு. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினார். மனைவி ரூபி சங்கிலியை எடுக்காமல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

"யாரு வேணும் உங்களுக்கு?"

"ரூபி, நான்தான்... கதவத் திற."

அவள் முகம் இறுகியது. "என் வீட்டுக்காரர் உள்ளதான் இருக்காரு. கூப்பிடவா?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. "இதோ வர்றேன்" என்றது ஒரு குரல். சூசைநாதனின் குரல்.

காலடி நெருங்கியது. சங்கிலி கழன்றது. அவர் படியிறங்கி ஓடியவர்தான்... மாதா கோயிலில் விடியும்வரை மண்டியிட்டுக் கிடந்தார்.

காலையில் பயந்து பயந்து வீட்டுக்குப் போனார். ரூபி ஒன்றும் நடக்காததுபோல் கதவைத் திறந்தாள். காப்பியைக் கொடுத்துவிட்டு, அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்பத்தான் சூடு வந்திருக்கு. ராத்திரி பூரா என்னைக் கட்டிப் பிடிச்சிருந்தீங்களே... அந்தக் கை ஏன் அப்படி ஜில்லுன்னு இருந்துச்சு?"