தானா பிரேக் போடற வண்டி

...சென்சாருன்றான், கேமரான்றான், ரேடாருன்றான்! இன்னாத்துக்கு சார் ரேடாரு? இது இன்னா ஏரோப்ளேனா? முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்னவனுக்கு இந்த வண்டி சொல்லிக் குடுக்குதாம், எப்டி ஓட்றதுன்னு! ஒக்காருங்க, ஒக்காருங்க. அந்த சோபா வேணாம், அங்க ஒக்காந்தா ஏசி நேரா மண்டைல எறங்கும். இப்டி வாங்க. சர்வீசுக்கு வுட வந்தீங்களா? ...ஓ, புது வண்டியா! டெலிவரி இன்னிக்கா! மாலையும் கையுமா வரும்போதே நெனச்சேன். எந்த மாடலு? ...அடக் கடவுளே. அதேவா? டாப்பு மாடலா? தானா பிரேக் போடறது, தானா ஸ்டேரிங் திருப்பறது, அல்லாம் வெச்சதா? சார், இன்னும் கையெழுத்து போட்லயே? ...போட்டாச்சா. சரி வுடுங்க. இன்னா பண்றது.

எம் பேரு வேடியப்பன். பஸ் டிரைவரு. இப்ப இல்ல, ரிட்டையராயி மூணு வருஷம் ஆவுது. திருவண்ணாமல டு பெங்களூரு ரூட்டு. செங்கம், சிங்காரப்பேட்ட, கிருஷ்ணகிரி... கண்ண மூடினு சொல்வேன் எந்த வளைவுல எவ்ளோ குழின்னு. ஒரு ஆக்சிடென்ட் கெடையாது. ஒரு கோழி அடிபட்டதில்ல எங்கையால! மெடலு குடுத்து, சால்வ போட்டு அனுப்பிச்சாங்க. அப்பேர்ப்பட்ட ஆளுக்கு எம்பொண்ணு இந்த வண்டிய வாங்கிக் குடுத்துது. கவிநிலான்னு பேரு, பெங்களூருல வேல செய்யுது. சாதா வண்டி போதும் பாப்பான்னேன். 'இல்லப்பா, உனுக்கு வயசாவுது, சேஃப்டி ஜாஸ்தியா இருக்கற வண்டிதான் வேணும்'னுச்சு. வயசாவுதாம்! ரோட்டுல போறவனுக்கெல்லாம் எளம வந்துனே இருக்குது பாருங்க, எனுக்கு மட்டும் வயசாவுது.

மொத நாளே ஆரம்பிச்சிடுச்சு சார். சந்தைல ஒரு பெரிய பூசணிக்கா வாங்கி முன் சீட்டுல வெச்சேன். வண்டி கத்துது. கொய்ங் கொய்ங்னு. கதவு தொறந்துனு இருக்கான்னு பாத்தேன், மூடி இருக்குது. ஹேண்ட் பிரேக்கு பாத்தேன், எறக்கி இருக்குது. அப்பறம் பாத்தா பூசணிக்காய்க்கு பெல்ட் போடலயாம்! போட்டேன் சார். வேற இன்னா பண்றது? பூசணிக்காய்க்கு பெல்ட் போட்டு, மாப்ளய கூட்டினு வர்ற மாதிரி ஊட்டுக்கு கூட்டினு வந்தேன்.

இதாவது பரவால்ல. கீழ்பென்னாத்தூர்ல எம் மச்சினன் ஊடு. அந்தப் பக்கம் கிராமத்து ரோட்ல போயிருக்கீங்களா? பாதி ரோட்டுக்கு மல்லாட்ட காய வெச்சிருப்பாங்க. ஏறுனா கடல நொறுங்கிடும், பாவம். நாம இன்னா பண்ணுவோம்? நடுக்கோட்ட தாண்டி அந்தப் பக்கமா ஒதுங்கிப் போவோம். இந்த வண்டி வுடாது! கோட்ட தாண்டாதன்னு ஸ்டேரிங்க புடிச்சி இழுக்குது. எங்க இழுக்குது? நேரா மல்லாட்ட மேல! நான் இந்தாண்ட திருப்பறேன், அது அந்தாண்ட திருப்புது. ஒரே ஸ்டேரிங்க வெச்சினு ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கிறோம். அந்தம்மா தொடப்பத்த தூக்கினு ஓடியாருது. 'கண்ணு தெரியலயாய்யா உனுக்கு?'ன்னு. நான் இன்னான்னு சொல்லட்டும்? 'நான் இல்லமா, வண்டி'ன்னா? சாத்திடும் சார்! பொண்ணு கிட்ட சொன்னா, 'இண்டிகேட்டர் போட்டா வுட்டுடும்பா'ன்னுது. மல்லாட்டைக்கு இண்டிகேட்டரு! யாரு பாக்கறதுக்கு?

சிரிக்காதீங்க சார், நாளைக்கு உங்களுக்கும் இருக்குது.

பௌர்ணமி மறுநாள் காலைல அடி அண்ணாமல பக்கம் போனேன். ராத்திரி பூரா கிரிவலம் நடந்த ஜனம் இன்னும் நடந்துக்கினு இருக்குது. வண்டிக்கு பித்துப் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஒரு ஆளப் பாத்தா கீங்குது. ரெண்டாளப் பாத்தா கீ கீங்குது. அங்க இருக்கறது ஆயிரம் பேரு! ஸ்க்ரீன் பூரா செவப்பு. எங்கூட்டம்மா வெள்ளையம்மா சொல்லுது, 'ஏங்க, இதுக்கு ஆளுங்கள கண்டா ஆவாது போல'ன்னு. அப்பறம் டீ கப்பு! ஒரு படம் வரும் பாருங்க, டீ கப்பு மாதிரி. நீ தூங்கி வழியற, போயி டீ குடின்னு அர்த்தமாம். ஊட்ல டீ குடிச்சிட்டு கெளம்பி அரை மணி நேரம்கூட ஆவல, டீ குடின்னுது. எங் கண்டக்டரு கூட என்ன அப்டிக் கேட்டதில்ல.

...இன்னா சொன்னீங்க? நல்லதே இல்லியாவா? இருக்குது, இருக்குது. ரிவர்ஸ் கேமரா நல்லது. பின்னாடி கொழந்த கிழந்த நின்னா தெரியும். அத்த நான் ஒத்துக்கறேன். அப்பறம்... சரி, இன்னொண்ணு நடந்துது. சொல்றேன், நீங்களே சொல்லுங்க, நல்லதா கெட்டதான்னு. கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு சந்து. ஒரு பொண்ணு, ஸ்கூல் யூனிபாரம், சைக்கிள்ல சரேல்னு வந்துடுச்சு. நான் கால தூக்கி பிரேக்குல வெக்கறேன் சார்... வெக்கறதுக்குள்ள வண்டி நின்னுடுச்சு! எங்கால் பெடல தொடவே இல்ல. தோ, இந்த மேசைக்கும் உங்க முட்டிக்கும் இருக்குது பாருங்க, அவ்ளோதான் கேப்பு. அந்தப் பொண்ணு திரும்பிப் பாத்து சிரிச்சிட்டுப் போயிடுச்சு. வெள்ளையம்மா கும்புட்டுக்கினு, 'மவராசன் வண்டி, காப்பாத்திடுச்சு'ன்னா.

வண்டி காப்பாத்திச்சாம். அப்ப நானு? நான் போட்டிருக்க மாட்டனா பிரேக்கு? ஒரு செகண்டுல போட்டிருப்பேன். அரை செகண்டுல! முப்பத்தோரு வருஷ காலு சார் இது! அத்தோட நான் அந்த வண்டிகூட பேசறத வுட்டுட்டேன். இன்னா பாக்கறீங்க, பேசுவேன் சார், பஸ்சு கிட்டயும் பேசினு இருந்தேன்.

இப்ப எதுக்கு இங்க வந்து ஒக்காந்துனு இருக்கேன்னு கேக்கலியே நீங்க? போன புதங்கெழம. செங்கம் ரோடு. ரமணாசிரமம் தாண்டறேன். எனுக்கு முன்னாடி ஒரு ஷேர் ஆட்டோ. ஒரு வெள்ளக்காரம்மா, தோள்ல பைய மாட்டிக்கினு, வானத்தப் பாத்துனே ரோட்ட கிராஸ் பண்ணுது. ஆட்டோக்காரன் சடன் பிரேக்கு. நான் வைபரு சுச்ச தேடினு குனிஞ்சிருந்தேன், லேசா தூறல்... நிமுந்து பிரேக் போட்டேன். டமார்! ஆட்டோக்குப் பின்னாடி தகரம் நசுங்கிடுச்சு, நம்ம பம்பரு போச்சு. வெள்ளையம்மா அப்டியே முன்னாடி போயி டேஷ்போர்டுல கைய ஊனிட்டா. மணிக்கட்டு ரெண்டு எடத்துல ஒடஞ்சிடுச்சு.

தானா பிரேக் போடற வண்டி எங்க சார் போச்சு? மல்லாட்டைக்கு கத்தற, பூசணிக்காய்க்கு கத்தற, ஒரு ஆட்டோ தெரியலயா உனுக்கு? பொண்ணு கிட்ட சொன்னேன், உன் வண்டியோட லட்சணத்தப் பாருன்னு. அதுக்கு வந்துது பாருங்க கோவம்! கம்பெனிக்கு மெயிலு, நெட்டுல எழுத்து, கன்ஸ்யூமர் கேசு போடுவேன்னு போனு. எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லுச்சு. 'அப்பா, வண்டி தப்புன்னா அவங்கள சும்மா வுட மாட்டேன். உன் தப்புன்னா சாவிய எங்கையில குடுத்துடு, இனிமே நீ ஓட்ட வேணாம்.' எனுக்கு சார்! எம்பொண்ணு சொல்லுது!

அதான் இங்க வண்டிய வுட்டு நாலு நாளா செக் பண்றாங்க. இங்க அறிவுச்செல்வன்னு ஒரு ஆளு, நீலச் சட்ட, கையில டேப்லட்டு வெச்சினு திரிவாரே, அவரு காலைல என்ன உள்ள கூப்ட்டு ஒரு போட்டோவ காட்றாரு. ஆக்சிடென்ட் அன்னிக்கு வண்டி உள்ள வந்ததும் புடிச்சதாம். முன் கண்ணாடி, மேல நடுவுல. உள்ளுக்குள்ள கருப்பா ஒரு பொட்டி இருக்கும், அதுதான் கேமராவாம், அதுக்கு நேரா வெளில சந்தனம், சந்தனத்து மேல குங்குமம். 'கண்ண மூடிட்டா அது எப்டிங்க சார் ஆட்டோவப் பாக்கும்? யாருங்க இங்க பொட்டு வெச்சது?'ன்றாரு.

ஆயுத பூஜைக்கு வெச்சது சார். வண்டின்னா பொட்டு வெக்காம இருப்பாங்களா? பானட்டுல பட்டை, டயருக்கு எலுமிச்சங்கா, கண்ணாடில நடு நெத்தியில ஒரு பொட்டு. பஸ்சுல முப்பத்தோரு வருஷமும் அங்கதான். ரூபாக் காசு அளவுக்கு, நல்லா கெட்டியா. அங்க கேமராவ கொண்டாந்து வெச்சவன் தப்பு அது! நெத்தி யாருக்கு சொந்தம்? சாமிக்கா, கேமராவுக்கா?

...இல்ல, ஒரு தபா வெச்சது இத்தன நாள் நிக்காது, மழ வந்தா போயிடும். நீங்க கேக்கறது சரிதான். கழுவுனாலும் போயிடும். வெள்ளிக்கெழமக்கு வெள்ளிக்கெழம திருப்பி வெப்பேன். வெக்கறது... வெச்சது...

சரி, உங்க கிட்ட சொன்னா இன்னா. நீங்க யாரோ, நான் யாரோ. அன்னிக்கு பூஜ போட்டு வண்டி எடுத்தன் பாருங்க, ஸ்க்ரீன்ல மஞ்சக் கலர்ல இங்கிலீஷ்ல ஒரு வரி வந்துது. எனுக்கு இங்கிலீஷ் அவ்ளோவா வராது. ஆனா அதுக்கப்பறம் ஒரு சத்தம் இல்ல சார். கோட்டத் தாண்டறேன், ஸ்டேரிங்கு சும்மா கெடக்குது. ஆளுங்க குறுக்க போறாங்க, கம்முனு இருக்குது. எவ்ளோ நிம்மதி! பழைய பஸ்ச ஓட்ற மாதிரி இருந்துது. எதால நின்னுச்சுன்னு எனுக்குத் தெரியாதா? ஒரு நாள் மழைல பொட்டு கரஞ்சிடுச்சு, மறுபடியும் கீ கீன்னுச்சு. அன்னிக்கு வெள்ளிக்கெழம கூட இல்ல, செவ்வாக்கெழம. ஊட்டுக்குப் போயி சந்தனத்த கொழச்சேன். அன்னிக்கு கொஞ்சம் பெருசாவே வெச்சேன்.

பெல்ட்டும் அப்டித்தான். பட்டுப்பொடவ கசங்குதுன்னு வெள்ளையம்மா ஒரு தபா மொனகினா. இவ்ளோதானன்னு நான்தான் பெல்ட்ட முதுகுக்குப் பின்னாடி வுட்டு மாட்டிக் குடுத்தேன். வண்டி ஏமாந்துடுச்சு, சத்தம் இல்ல. அன்னில இருந்து அது அப்டியேதான். பெரிய சாமர்த்தியம்னு நானே சிரிச்சேன். ஆஸ்பத்திரில பொண்ணு போன்ல கேக்குது, 'அம்மா, பெல்ட் போட்டிருந்தியா?' அவ எம் மூஞ்சியப் பாக்கறா. 'போட்டிருந்தேன் பாப்பா'ன்னுட்டா. கை தொங்கினு இருக்குது, அந்த வலில எனுக்கோசரம் பொய் சொல்றா.

அதோட வுட்டனா? காலைல அந்த போட்டோவப் பாத்துட்டு வெளிய வரேன், பொண்ணு இங்க வர்ற பஸ்ல இருந்து போன் பண்ணுது. 'இன்னாப்பா சொன்னாங்க?' கேமரா மேல பொட்டாம்னேன். 'யாரு வெச்சது?' வாயில டக்குனு வந்துடுச்சு சார். 'உங்கம்மாதான்'னுட்டேன்.

அது உடனே அவளுக்கு போன் போட்டு கத்திருக்குது. 'உனுக்கு அறிவு இருக்குதாம்மா? அப்பாவ கொன்னிருப்ப நீ'ன்னு. அவ இன்னா சொன்னா தெரியுமா? 'ஆமா பாப்பா, தெரியாம வெச்சிட்டேன்'னாளாம். இவளுக்கு இன்னா சார் வந்துது! நான் வெக்கலடி, உங்கப்பன்தான் வெச்சான்னு சொல்றதுக்கு இன்னா? கட்டு போட்ட கைய மடியில வெச்சினு எம் பழியயும் வாங்கி வெச்சினு ஒக்காந்திருக்கா. பொண்ணு என்ன இன்னா சொல்லுது தெரியுமா? 'சாரிப்பா, நீ இன்னா பண்ணுவ, இனிமே அம்மாவ வண்டி கிட்ட வுடாத'ன்னுது. சாவி எங்கிட்டயே இருக்கலாமாம். காலைலதான் இங்க திருப்பிக் குடுத்தாங்க, தோ, பாக்கெட்டுலதான் இருக்குது. நான்தான ஜெயிச்சேன்? எனுக்கு சந்தோஷமா இருக்கணும்ல? காலைல இருந்து ஒரு டீ கூட குடிக்கல சார்.

நீங்க அந்த மாலைய எங்க வேணா போடுங்க சார். சந்தனத்த மட்டும் அந்த... சார்? அட, போயிட்டாரு. எப்ப எழுந்தாருன்னே தெரியல. அங்க வண்டி கிட்ட நின்னு அறிவுச்செல்வன் கிட்ட சாவி வாங்கறாரு. வாங்கட்டும், வாங்கட்டும்.

...பாப்பா! வா, வா கண்ணு. பஸ்ல ஒக்கார எடம் கெடச்சுதா? மூஞ்சியே வாடி கெடக்குது. இரு, அவங்க கிட்ட அப்பறம் பேசலாம். மொதல்ல இப்டி ஒக்காரு. இந்தா, இத்தப் புடி. சாவி. புடின்றேன்ல. அந்தப் பொட்ட உங்கம்மா வெக்கல பாப்பா. அந்தக் கண்ணாடிய ஒரு நாளும் தொட்டதில்ல அவ. நான் வெச்சேன். தெரிஞ்சேதான் வெச்சேன். அன்னிக்கு பெல்ட்டும் அவ போடல, பின்னாடி மாட்டி வுட்டதும் நான்தான்.

என்ன அப்பறம் திட்டு. அம்மாவுக்கு போன் போடு மொதல்ல. ...இல்ல, இரு. நீ போடாத. நானே போடறேன்.